ஏற்றமே இல்லாத ரோடு

ஹட் பே,
20-1-1974

திரு. பிரகாசம் அவர்களுக்கு,

நான் நலம். நீங்கள் நலமா என்று கேட்டால் ‘ரொம்ப அக்கறைதான்’ என்று முணுமுணுப்பீர்கள், அதனால் கேட்கவில்லை. நான் போர்ட் பிளேரிலிருந்து கப்பலேறி ஒரு மாதம் ஆகிவிட்டது. அதற்குள் இரண்டு கப்பல் வந்து போய்விட்டன, ஒன்றிலும் உங்கள் கடிதம் இல்லை. நானும் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் இந்தத் தீவில் சைக்கிளைப் பற்றிக் கேட்க எனக்கு ஆள் இல்லை. ஆகவே புருஷன் என்ற முறையில் அல்ல, சைக்கிள் தெரிந்த ஆள் என்ற முறையில் உங்களுக்கு எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். ஆஸ்பத்திரி கடற்கரையோரம் இருக்கிறது. வங்காளத்திலிருந்து வந்த குடும்பங்களைக் குடியேற்றிய ஊர்கள் வடக்கே ரோட்டோடு தள்ளித் தள்ளி இருக்கின்றன. கடைசி இரண்டு ஊர்களுக்கும் வாரம் தவறாமல் போய்ப் பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்க்க வேண்டும், அதற்காகத்தான் என்னை இங்கே போட்டிருக்கிறார்கள். ஜீப் ஒன்றே ஒன்று. அது டாக்டரோடு போனால் போனதுதான். மரம் ஏற்றப் போகிற லாரியில் தொற்றிக்கொண்டு இதுவரை இரண்டே முறை போயிருக்கிறேன்.

டாக்டர் நல்ல மனிதர், ஆனால் எதையும் மனதில் வைத்துக்கொள்ள மாட்டார். “ஏப்ரல் கடைசி வரைக்கும் பாக்குறேன் சிஸ்டர். வாராவாரம் போக முடியலைன்னா ஆம்பளை ஹெல்த் ஒர்க்கரை அனுப்பச் சொல்லி எழுதிடுவேன். நீங்க போர்ட் பிளேருக்கே போயிடலாம்” என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். ஆண் ஆள் வந்தால் இந்தப் பெண்கள் குடிசைக்குள்ளிருந்து தலையைக்கூட வெளியே நீட்ட மாட்டார்கள். இது அவருக்கும் தெரியும்.

இதைப் படித்ததும் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். இருக்கட்டும். எனக்கு இந்த வேலை வேண்டும், ஆகவே கேட்கிறேன்.

ஆஸ்பத்திரிக்கென்று ஒரு சைக்கிள் இருக்கிறது. நடுவில் பார் வைத்த ஆண்கள் சைக்கிள். சேலையோடு அதில் ஏறுவது ஒரு வித்தை, இறங்குவது அதைவிடப் பெரிய வித்தை. நாகர்கோவிலில் நர்ஸ் படிப்பு படித்தபோது லேடீஸ் சைக்கிள் ஓட்டியவள்தான் நான். உங்களுக்கு அது தெரியாது, நீங்கள் கேட்டதில்லை. உப்புக் காற்றில் செயின் முழுக்கத் துரு. அதற்குத் தேங்காய் எண்ணெய் போடலாமா? இந்தச் சைக்கிளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

இப்படிக்கு,
சூசைமேரி


டாலிகஞ்ச்,
போர்ட் பிளேர்,
3-2-1974

யேசு மரி சூசை துணை

மேரிக்கு,

உனக்குக் கடிதம் எழுத எனக்கு மூன்று பேருடைய துணையும் வேண்டியிருக்கிறது, அதனால் மேலே மறக்காமல் போட்டிருக்கிறேன். ‘திரு. பிரகாசம் அவர்களுக்கு’ என்று எழுதியிருக்கிறாய். கவரைப் பிரித்ததும் கோர்ட்டிலிருந்து வந்திருக்கிறது என்று நினைத்தேன்.

உன்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கை எழுதாது. அன்றைக்கு மீன் கழுவிக்கொண்டே, “ஹட் பேக்குப் போடுறாவளாம், சரின்னுட்டேன்” என்று சொன்னாய். அயிலைக்கு உப்புப் போதுமா என்று கேட்பதுபோலச் சொன்னாய். “எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?” என்றதற்கு, “கேட்டா வேண்டாம்னுதான சொல்லுவிய?” என்றாய். வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். அதற்காகக் கேட்காமலே இருந்துவிடுவதா? பெண்டாட்டியைக் கப்பலேற்றி அனுப்பிவிட்டு அவன் ஒண்டியாகப் பொங்கித் தின்கிறான் என்று ஹேடோ வார்ஃப் முழுக்கப் பேச்சு. நான் கப்பல் சாமான் இறக்கும் கிரேனில் மேலே உட்கார்ந்திருக்கிறேன், கீழே பேசுவது எனக்குக் கேட்காது என்று நினைக்கிறார்கள்.

போகட்டும். தேங்காய் எண்ணெயை உன் தலையில் தேய், செயினில் தேய்க்காதே. மண் ஒட்டிப் பசையாகிவிடும். மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் துருவைத் துடைத்துவிட்டு, தையல் மெஷினுக்குப் போடுகிற எண்ணெயைக் கணுக்கணுவாக விடு. விட்டபிறகு மேலே வழிவதைத் துடைத்துவிட வேண்டும், அதைத்தான் யாரும் செய்வதில்லை. கடலோரமாக ஓட்டிவிட்டு வந்தால் ரிம்மையும் கம்பிகளையும் நல்ல தண்ணீரில் கழுவு. பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறதா பார். டாலிகஞ்சிலிருந்து ஹேடோவுக்குத் தினம் ஏறி இறங்குகிறவன் சொல்கிறேன், இந்த ஊரில் பிரேக் இல்லாத சைக்கிளில் ஏறுகிறவன் பூசை கேட்டுவிட்டு ஏற வேண்டும்.

பார் வைத்த சைக்கிள் உனக்கு வேண்டாம். மெயின்லேண்டுக்குத் திரும்பிப் போகிற ஓர் ஆபீசர் வீட்டில் லேடீஸ் சைக்கிள் விற்கப் போவதாகக் கேள்வி. பேசிப் பார்க்கிறேன். வாங்கினால் சும்மா அனுப்ப மாட்டேன், என் கையால் சரிபண்ணித்தான் அனுப்புவேன். நீ திரும்பி வரவேண்டும் என்றுதான் எனக்கு ஆசை. ஆனால் சைக்கிள் கேட்டு எழுதியவளுக்குச் சைக்கிள் இல்லை என்று சொல்ல எனக்கு வராது.

பிரகாசம்


ஹட் பே,
17-2-1974

அத்தானுக்கு,

நீங்கள் சொன்னபடி மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தேன். செயின் இப்போது முனகுவதில்லை. லேடீஸ் சைக்கிள் வரும்வரை சும்மா இருக்க முடியாது என்று இந்தப் பார் சைக்கிளையே ஓட்டிப் பழகுகிறேன். சேலையைப் பின்னால் இழுத்துக் கச்சம்போலக் கட்டிக்கொள்கிறேன். முதல் நாள் பார்த்துச் சிரித்த பெண்கள் இப்போது தண்ணீர் கொடுக்கிறார்கள்.

ஒரே ஒரு முறை விழுந்தேன். கம்பவுண்டர் பக்தவத்சலம் ஓடிவந்து, “இன்னா சிஸ்டர், பேஷண்ட்டைப் பாக்கச் சொன்னா பேஷண்ட் ஆயிட்டீங்க” என்றார். முழங்கையில் சிராய்ப்புதான், பயப்பட ஒன்றுமில்லை.

வெயில்தான் தாங்கவில்லை. ஒன்பது மணிக்கெல்லாம் கண் கூசுகிறது. போன வாரம் சைக்கிளை வெளியே நிறுத்திவிட்டு ஒரு வீட்டுக்குள் போய்வந்து சீட்டில் உட்கார்ந்தவள், அப்படியே குதித்துவிட்டேன். தோசைக்கல்லில் உட்கார்ந்ததுபோல இருந்தது. அன்றைக்கே பின் டயரில் ட்யூபும் வெடித்துவிட்டது. நிறையக் காற்று அடித்தால் லேசாகப் போகும் என்று நினைத்து நானே ஓங்கி ஓங்கி அடித்தேன்.

இன்னொன்று கேட்க வேண்டும். டாக்டரிடம் கேட்க முடியாது, கம்பவுண்டரிடம் கேட்க முடியாது, இங்கே வேறு நர்ஸும் இல்லை. சீட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து உள்தொடையெல்லாம் உரசிப் புண்ணாகிவிட்டது. ராத்திரி ஒருக்களித்துப் படுத்தால் எரிகிறது. நர்ஸுக்குக் களிம்பு தெரியும், அதைக் கேட்கவில்லை. மறுபடி வராமலிருக்கச் சீட்டை என்ன செய்ய வேண்டும்? இதை உங்களைத் தவிர யாரிடம் கேட்பேன்?

கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடுங்கள்.

மேரி


டாலிகஞ்ச்,
3-3-1974

யேசு மரி சூசை துணை

அன்புள்ள மேரி,

கடிதத்தைக் கிழிக்கவில்லை. பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன், யாரும் பார்க்க மாட்டார்கள்.

சீட்டை உயர்த்து. நீ கட்டாயம் அதைத் தாழ்த்தித்தான் வைத்திருப்பாய், கால் தரையில் எட்ட வேண்டும் என்கிற பயத்தில் எல்லோரும் செய்கிற வேலை அது. மிதி கீழே போகும்போது முழங்கால் ஏறக்குறைய நேராக வர வேண்டும். அப்போது பாதி பாரம் காலுக்குப் போய்விடும், சீட்டில் உரசாது. சீட்டின் மூக்கை ஒரு நூல் கீழே சாய்த்து வை. உள்ளே பழைய மெல்லிய வேட்டித் துணியில் ஒன்று தைத்துப் போட்டுக்கொள். இதற்குமேல் எழுத எனக்கும் வெட்கமாக இருக்கிறது. எரிகிறது என்று நீ எழுதியதைப் படித்துவிட்டு அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வெயில் நேரத்தில் காற்றைக் கொஞ்சம் குறைவாகவே அடி. கட்டை விரலால் அழுத்தினால் சற்று அமுங்க வேண்டும். ரோடு சூடாகச் சூடாக உள்ளே இருக்கிற காற்று தானாக விம்மும். நிழலில் நிறுத்து, நிழல் இல்லையென்றால் சீட்டின்மேல் ஈரத் துணி போட்டு வை. தண்ணீரை மடக் மடக்கென்று குடிக்காதே, உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடி. ஒரு கையால் குடை பிடித்துக்கொண்டு மட்டும் ஓட்டிவிடாதே.

இப்போது முக்கியமான சங்கதி. சைக்கிள் இந்தக் கப்பலிலேயே வருகிறது! பச்சை நிறம், நல்ல எஃகு. பின்சக்கரத்தில் சேலை மாட்டாமல் வலை கட்டியிருக்கிறேன். உன் மருந்துப் பெட்டிக்குத் தக்க கேரியரை அகலமாக்கினேன். பிரேக் நான்கு கட்டையும் புதுசு. எல்லாவற்றையும்விடப் பெரிய வேலை ஒன்று செய்திருக்கிறேன். சாதாரணமாகப் பின்சக்கரத்து பிரீவீலில் பதினெட்டுப் பல்தான் இருக்கும், அதை வைத்துக்கொண்டு ஏற்றத்தில் மிதித்தால் உனக்கு நெஞ்சு அடைத்துவிடும். என் சைக்கிளில் இருக்கிறதே இருபத்திரண்டு பல் பிரீவீல், மெயின்லேண்டிலிருந்து தருவித்தது, அதைக் கழற்றி உன் சைக்கிளில் போட்டுவிட்டேன். பல் கூடினால் மிதி லேசாகும், வேகம்தான் குறையும். இனி எந்த மேடானாலும் நீ உட்கார்ந்தபடியே ஏறிவிடலாம். நான் பதினெட்டுப் பல்லோடு ஜங்லிகாட் ஏற்றத்தில் தள்ளிக்கொண்டு போகிறேன், பரவாயில்லை.

கிரீஸ் தடவிச் சாக்கில் சுற்றிக் கட்டியிருக்கிறேன். டெக்கில் அலை அடிக்காத இடத்தில் வைக்கச் சொல்லிக் கப்பல்காரனிடம் கெஞ்சியிருக்கிறேன். வந்ததும் எழுது.

பிரகாசம்


ஹட் பே,
18-3-1974

திரு. பிரகாசம் அவர்களுக்கு,

சைக்கிள் வந்தது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. அதைப் பார்த்ததும் முதல் நாள் நான் அழுதேன், அது வேறு விஷயம்.

செவ்வாய்க்கிழமை காலையில் கடைசி ஊரிலிருந்து ஆள் வந்தான், ஒரு பெண்ணுக்கு வலி கண்டுவிட்டது என்று. உங்கள் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மிதிக்கிறேன், மிதிக்கிறேன், கால்தான் காற்றாடிபோலச் சுற்றுகிறது, சைக்கிள் நகரவே மாட்டேன் என்கிறது. நான் பழைய சைக்கிளில் போகிற வேகம்கூட இல்லை. வேகமாக மிதித்தால் மூச்சு வாங்குகிறது, மெதுவாக மிதித்தால் நடக்கிறவன் முந்திப் போகிறான். அதற்குள் வெயில் ஏறிவிட்டது. நடுவில் இரண்டு இடத்தில் இறங்கித் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன், கண் இருட்டிக்கொண்டு வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை பிறந்துவிட்டது. மாமியார்க்காரி மூங்கில் சிம்பால் கொடியை அறுத்து வைத்திருந்தாள். அந்தப் பெண்ணுக்கு உதிரம் நின்றபாடில்லை. மாதாவின் புண்ணியத்தில் அரை மணி நேரத்தில் நிறுத்தினேன். இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று என்னிடம் கேட்காதீர்கள்.

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். “ஏப்ரல் தூரமில்லை சிஸ்டர்” என்று மட்டும் சொன்னார்.

இங்கே ஏற்றமே கிடையாது. ஆஸ்பத்திரியிலிருந்து கடைசி ஊர் வரைக்கும் ரோடு சமதரை. ஒரு மேடு கிடையாது, ஒரு பள்ளம் கிடையாது. இருபத்திரண்டு பல்லை வைத்துக்கொண்டு நான் இங்கே எந்த மலையில் ஏறுவது?

மனதில் வந்ததை எழுதிவிடுகிறேன். நான் தோற்றால் திரும்பி வருவேன், வந்தால் உங்களுக்கு வசதி. இதைத் தெரிந்தே செய்தீர்களா? தெரிந்து செய்யவில்லை என்றால் அது இன்னும் மோசம். இரண்டு கடிதம் எழுதினீர்கள். பிரேக்கைப் பற்றி எழுதினீர்கள், எண்ணெயைப் பற்றி எழுதினீர்கள், உங்கள் ஜங்லிகாட்டைப் பற்றி எழுதினீர்கள். ‘மேரி, உன் ரோடு எப்படி இருக்கிறது?’ என்று ஒரு வரி கேட்டீர்களா?

சூசைமேரி


டாலிகஞ்ச்,
1-4-1974

மேரிக்கு,

உன் கடிதம் வார்ஃபில் வைத்துக் கையில் கிடைத்தது. அங்கேயே படித்தேன். மத்தியானம் கிரேனில் ஏறவில்லை, தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

நீ திரும்பி வர வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டது உண்மை. தவசுக் காலத்தில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சிலுவைப் பாதையில் அதைத்தான் வேண்டினேன், மறைக்கவில்லை. ஆனால் ஒரு சைக்கிளைக் கெடுத்து உன்னைத் தோற்கடிக்கிற புத்தி எனக்கு வராது மேரி. என்மேல் எந்தப் பழியை வேண்டுமானாலும் போடு, இதைப் போடாதே. என் பிரீவீலைக் கழற்றும்போது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா?

அந்தமானுக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. ஹேடோ, ஜங்லிகாட், டாலிகஞ்ச், இவ்வளவுதான் என் உலகம். ஏறினால் இறங்க வேண்டும், இறங்கினால் ஏற வேண்டும். அந்தமான் என்றாலே இப்படித்தான் என்று என் காலுக்குள் ஊறிப்போய்விட்டது. ஹட் பேயில் சமதரை ரோடு இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாய். கேட்கவில்லை. நீ என்னைக் கேட்கவில்லை என்று நான் மூன்று மாதமாகப் பொருமிக்கொண்டிருந்தேனே, அதே தப்பை நானும்தான் செய்திருக்கிறேன்.

இப்போது கேட்கிறேன், பதில் எழுது. உன் ரோடு எப்படி இருக்கிறது? தாரா, மண்ணா? மணல் புதையுமா? மரம் உண்டா? காற்று எந்தப் பக்கம் அடிக்கும், போகும்போது எதிர்க்காற்றா, வரும்போதா? எத்தனை மணிக்குக் கிளம்புகிறாய்? வழியில் தண்ணீர் யார் கொடுக்கிறார்கள்? அந்தப் பெண் பிழைத்துவிட்டாளா? உன் தொடைப் புண் ஆறிவிட்டதா?

பதினெட்டுப் பல் பிரீவீல் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.

பிரகாசம்


ஹட் பே,
12-4-1974, பெரிய வெள்ளி

அன்புள்ள அத்தான்,

நான் அப்படி எழுதியிருக்கக் கூடாது. தபால்பையைக் கட்டிப் படகில் ஏற்றியதைக் கரையில் நின்று பார்த்தேன். ஓடிப்போய் என் கடிதத்தை மட்டும் கொடுங்கள் என்று கேட்கலாமா என்று இருந்தது. கேட்டால் சிரிப்பார்கள் என்று பேசாமல் வந்துவிட்டேன்.

அந்தப் பெண் நன்றாக இருக்கிறாள். பிள்ளை நல்ல கறுப்பு, ஊரைக் கூட்டி அழுகிறது. புண் ஆறிவிட்டது. சீட்டை உயர்த்தியதும் எல்லாம் சரியாகிவிட்டது, நீங்கள் சொன்ன மற்றதையும் செய்தேன்.

உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். ரோடு தார் இல்லை. கடலில் கிடக்கிற பவளக்கல்லை நொறுக்கிப் போட்டிருக்கிறார்கள். வெள்ளை வெளேர் என்று இருக்கும். வெயில் தலையில் அடிப்பது பாதி, தரையிலிருந்து முகத்தில் அடிப்பது பாதி. குடியேற்றத்துக்காக இரண்டு பக்கமும் காட்டை வெட்டிவிட்டார்கள், நல்ல நிழல் என்று நிற்க நடுவில் ஒரே ஒரு மாட்டுக்கொட்டகைதான் உண்டு. போகும்போது காற்று இருக்காது. பத்து மணிக்குமேல் திரும்பினால் எதிர்க்காற்று, சைக்கிளை யாரோ பின்னால் பிடித்து இழுக்கிற மாதிரி இருக்கும். ஆகவே வெளுக்கும்போதே கிளம்பிவிடுகிறேன். போன இடத்திலேயே இருந்து, வெயில் தாழ்ந்து காற்று விழுந்தபிறகு வருகிறேன். தலையில் ஈரத் துண்டு, மருந்துப் பெட்டிக்கும் ஈரச் சாக்கு. நிமாய் என்று ஒரு குடியேறியவர் வழியில் இருக்கிறார், அவர் வீட்டில் முந்தின நாள் சோற்றுத் தண்ணீரில் உப்பும் எலுமிச்சையும் போட்டுக் கொடுப்பார்கள். அதைக் குடித்தால் கடைசி ஊர் வரை தாங்கும்.

அவர்தான் சைக்கிளையும் சரிபண்ணினார். ஊரில் ரிக்‌ஷா ஓட்டியவராம். பின்சக்கரத்தைப் பார்த்துவிட்டு, “தீதி, யே தோ பஹாட் கா ஹை” என்றார். மலைக்கானது என்று பார்த்ததுமே சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரி சைக்கிளின் பிரீவீலை இதில் போட்டு, இதிலிருந்ததை அதில் மாட்டி, செயினையும் அளவுக்கு வெட்டிக் கொடுத்தார். இப்போது வண்டி பறக்கிறது. அதற்குப்பிறகு ஒரு வாரம்கூடத் தவறவில்லை. மாதக் கடைசியில் டாக்டர் என்ன சொல்வாரோ தெரியாது. எதுவானாலும் முயற்சி பண்ணவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

நீங்கள் வாங்கிய பிரீவீலை அனுப்ப வேண்டாம், உங்களிடமே இருக்கட்டும். இங்கே கோயில் இல்லை. நானாகச் சிலுவைப் பாதை சொல்லிக்கொண்டேன். அத்தான், அந்தப் பதினெட்டுப் பல்லோடு ஏற்றத்தில் மிதிக்காதீர்கள், இறங்கித் தள்ளிக்கொண்டே போங்கள்.

உங்கள்,
மேரி


ஹட் பே,
28-4-1974

அன்புள்ள மேரி,

மேலே இருக்கிற ஊர்ப் பெயரைப் பார்த்துப் பயந்துவிடாதே. உன் வீட்டில், உன் மேசையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

பிரீவீல் வேண்டாம் என்று எழுதிவிட்டாய். அதன்பிறகு இங்கே வர எனக்கு ஒரு சாக்கும் இல்லை. சாக்கு இல்லாமலே வந்துவிட்டேன். வருகிறேன் என்று முறையாகக் கடிதம் போட்டேன். அந்தக் கடிதம் நான் வந்த கப்பலிலேயே பைக்குள் வந்திருக்கிறது. படகில் இறங்கி, முழங்கால் வரை நனைந்து, தபாலாபீசில் உன் வீட்டுக்கு வழி கேட்டால், “மேரி சிஸ்டர் வீட்டுக்கா? அப்போ இதையும் குடுத்துடுங்க” என்று என் கடிதத்தை என் கையிலேயே கொடுத்தார்கள். பிரிக்காமல் மேசையில் வைத்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் பக்தவத்சலத்தைப் பார்த்தேன். “சிஸ்டர் விடியறப்பவே போயிட்டாங்க சார். கடைசி ஊர்ல தலைச்சன் கேஸு, தலை திரும்பலையாம். ரெண்டு நாள் ஆனாலும் ஆவும். இங்க எல்லாம் ஐஸா ஹி, இப்படித்தான் சார்” என்றார். எனக்கு லீவு அவ்வளவுதான். கார் நிக்கோபாருக்குப் போய்த் திரும்புகிற இதே கப்பலில் ஏறியாக வேண்டும்.

நேற்றுக் காலையில் ஆஸ்பத்திரி சைக்கிளை வாங்கிக்கொண்டு உன்னைப் பார்க்கக் கிளம்பினேன். அதில்தான் என் இருபத்திரண்டு பல் இருக்கிறது என்பதை மறந்துவிட்டேன். மேரி, அந்தக் கோலத்தை நீ பார்த்திருக்க வேண்டும். ஊர்ப்பிள்ளைகள் எல்லாம் என் பக்கத்திலேயே நடந்து வந்தன. வேகமாகப் போகிறேன் என்று தண்ணீர் குடிக்காமல் மிதித்தேன், உனக்குப் பக்கம் பக்கமாகப் புத்தி எழுதியவன்! அந்த மாட்டுக்கொட்டகைக்கு அப்பால் கண் இருட்டியது. எழுந்தபோது நிமாய் வீட்டுக் கயிற்றுக் கட்டிலில் கிடந்தேன், அவர் பெண்சாதி என் தலையில் ஈரத் துணி போட்டிருந்தாள். நீ எழுதினாயே, அந்தச் சோற்றுத் தண்ணீர், அதை இரண்டு செம்பு குடித்தேன். வாரா வாரம் இந்த ரோட்டிலா போகிறாய்? உன்னோடு நான்கு வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன், உனக்கு இவ்வளவு நெஞ்சுரம் என்று எனக்குத் தெரியவில்லை.

நிமாய் அங்கிருந்து நடந்தே போய் உன்னிடம் சொல்லிவிட்டு வந்தார். பிள்ளைத்தாய்ச்சியை விட்டு நகர முடியாது, அவரைச் சாப்பிட்டுவிட்டுப் பத்திரமாகக் கப்பலேறச் சொல் என்று நீ சொன்னாயாம். அதுதான் சரி. நீ விட்டுவிட்டு வந்திருந்தால்தான் எனக்கு வருத்தமாக இருந்திருக்கும்.

இன்னொரு செய்தி. இதை நானே உனக்குச் சொல்ல வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டேன். ஆண் ஆள் வேண்டாம், இந்த சிஸ்டரே போதும் என்று அவர் எழுதி அனுப்பிவிட்டார். நீ இங்கேயே இருக்கலாம். அவர் சொன்னதும் பக்தவத்சலம் என் முகத்தையே பார்த்தார், நான் இடிந்து போவேன் என்று நினைத்தார்போல. அப்படியெல்லாம் இல்லை. எனக்குத்தான் வேலை நிலைத்தது மாதிரி இருந்தது.

சோறு பொங்கி மூடி வைத்திருக்கிறேன். புளிச்சக்கீரைதான் கிடைத்தது. இதை மேசைமேல் வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும் என்று நினைத்துத்தான் எழுத ஆரம்பித்தேன்.

கப்பல் ஊதுகிறது. படகு ஏறுகிறவர்கள் ஓடுகிறார்கள், ஜன்னல் வழியாகத் தெரிகிறது.

மறுபடியும் ஊதிவிட்டது. நான் எழுந்திருக்கவில்லை. அடுத்த கப்பல் வரும்வரை ஃபோர்மேன் என்னைத் தேடுவான், சம்பளத்தில் வெட்டு விழும், விழட்டும். நான் போயிருப்பேன் என்று நினைத்துக்கொண்டு களைத்துப்போய் வரப் போகிறாய். வாசலில் யாரோ உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் திடுக்கிடாதே, நான்தான்.

நேரில் கேட்டால் நான் ஒன்று சொல்வேன், நீ ஒன்று சொல்வாய், சண்டை வந்துவிடும். எழுதினால்தான் எனக்கு ஒழுங்காகக் கேட்க வருகிறது, ஆகவே இதை உன் கையிலேயே கொடுக்கப் போகிறேன். இங்கே கப்பல் கரையோடு அணைய ஜெட்டி கட்டுகிற வேலை ஆரம்பிக்கப் போகிறார்களாம், கிரேன் தெரிந்த ஆள் தேவையாம். “சொல்லிடட்டுமா சார்?” என்று பக்தவத்சலம் அப்போதே கிளம்பிவிட்டார். நில்லுங்கள், மேரியைக் கேட்காமல் வேண்டாம் என்று நிறுத்தினேன்.

கேட்கிறேன். நானும் இங்கேயே இருக்கட்டுமா?

வேண்டாம் என்றால் சொல், அடுத்த கப்பலில் போய்விடுகிறேன். சரி என்றால் பதில் எழுத வேண்டாம்.

உன்,
பிரகாசம்